சி.ஆர். 2836 யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், கர்நாடகத்தில் மூடிக் கிடக்கிற தங்கச் சுரங்க ஊரான கோலார் தங்கவயல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. துருப்பிடித்த ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்குகிற கிணறு), பின்னால் சயனைடு மேடு (தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண்), மேட்டில் மேய்கிற ஒற்றை ஆடு. தலைப்புத்தான் உறுத்தியது. ‘பேய் நகரம்’ என்று போட்டிருந்தீர்கள். விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் போய் நின்று பாருங்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் டிபன் பாக்ஸோடு வந்து ரயிலில் ஏறும். பங்காரப்பேட்டை வருவதற்குள் உட்கார இடம் இருக்காது. பேய்கள் சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவதில்லை, ஐயா.

அதைக்கூட விட்டுவிடலாம். கட்டுரையின் நடுவில் ‘பெயர் தெரியாத தமிழ்க் கூலிகள்’ என்று ஒரு தொடர் வருகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பிறந்தது தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்து லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில். தாத்தா சுரங்கத்தில் துளை போடுகிறவர். அப்பா கீழே மரச்சட்டம் கட்டுகிற டிம்பர்மேன். நான் அஞ்சல் துறையில் 34 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்று, இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். அந்த 34 வருடத்தில் பாதிக்கு மேல் கடிதம் பிரிக்கிற வேலை. அரைகுறை விலாசம், மழையில் கரைந்த மை, ‘பெரிய ஆலமரத்துக்கு எதிர்வீடு’ என்று மட்டும் எழுதிய உறை, எல்லாவற்றுக்கும் ஆள் கண்டுபிடித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பெயர் தெரியாத ஆள் என்று யாரும் இல்லை. தேடாத ஆள்தான் உண்டு.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் தம்பி தங்கவயல் வீட்டைக் காலி செய்து பெங்களூருக்குக் குடி போனான். பாட்டியின் தகரப் பெட்டியை மட்டும் லால்பாக் எக்ஸ்பிரஸில் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தான். “பழைய பேப்பர் அக்கா, பார்த்துட்டுப் போட்டுடு” என்றான். அதில் இருந்தவை: அப்பாவின் கிராஜுவிட்டி காகிதம், இரண்டு ரேஷன் கார்டு, ஐந்து இன்லண்ட் லெட்டர், 1951 என்று பின்னால் எழுதிய ஒரு போட்டோ, அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகம், அப்புறம் ஒரு பித்தளை டோக்கன். டோக்கனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பெயர் விஷயம். தாத்தா பெயர் முனுசாமி. பெட்டியிலும் வேறு இடங்களிலுமாக அவரைப் பற்றிய மூன்று ஆங்கிலக் காகிதங்களைப் பார்த்தேன். ஒன்றில் மூன்சாமி, ஒன்றில் மோனிசாமி, மூன்றாவதில் முன்னோசாமி. எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். ஒரே லைனில் ஏழெட்டு முனுசாமி இருந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். நான் பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடித்தேன். கடிதம் பிரிக்கிறவளுக்கு ஊர்தான் முதலில், ஆள் பிறகுதான். மூன்றிலும் ‘குடியாத்தம் தாலுகா’ என்று இருந்தது. நம்பரும் ஒன்றே, 1719. சரி, மூன்று பேரும் என் தாத்தாதான் என்று முடிவாயிற்று.

தங்கவயல் ஆட்களின் சரித்திரத்தைத் தேடப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. அவர்கள் புறப்பட்ட ஊர் சென்னை ராஜதானியில் இருந்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பக்கத்து ஜனங்கள்தான் பெரும்பாலும் போனார்கள், அதிலும் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட குடும்பங்கள். வேலை செய்த இடம் மைசூர் சமஸ்தானம். முதலாளியான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880-ல் கால் வைத்த கம்பெனி, அதன் தலைமை லண்டனில். ஆக ஓர் ஆளின் வாழ்க்கை மூன்று அரசாங்கத்து அலமாரியில் சிதறிக் கிடக்கிறது. ஊர்க் கணக்கை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும், மைசூர் அரசின் கோப்பைப் பெங்களூரில் தேட வேண்டும். லண்டனுக்கு நான் போகவில்லை, மூட்டுவலி. ஒரே அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதுவது உங்கள் கட்டுரையாளரோடு நிற்கிற பழக்கம் இல்லை. நான் படித்த தடிமனான புத்தகங்களும் அப்படித்தான். கம்பெனி எத்தனை அவுன்ஸ் எடுத்தது, எந்த மானேஜர் எந்த மிஷினைக் கொண்டுவந்தார் என்று வரிசையாக இருக்கும். 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள் என்று கணக்கு தெரிகிறது. எடுத்தவன் மட்டும் ‘லேபர்’.

அந்தப் புத்தகங்களில் தவறாமல் வருகிற ஒரு பெருமையைச் சொல்கிறேன். 1902 ஜூன் 30-ஆம் தேதி சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்த நாட்டில் பெரும்பாலான ஊர்கள் கரண்ட்டைப் பார்க்காத காலம் அது. உண்மை, பெரிய காரியம். அந்தக் கரண்ட் மிஷினுக்குப் போயிற்று, துரைகளின் பங்களாவுக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் அப்பா கல்யாணம்வரை சிமினி விளக்குதான். பாட்டி அந்தக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்த கதையை என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். 1902 என்பது புத்தகத்தின் தேதி. எங்கள் லைனுக்கு வேறு தேதி. ஊர் சரித்திரம் எழுதுகிறவர் இரண்டையும் எழுத வேண்டும்.

1802-ல் வாரன் என்ற லெப்டினன்ட் அந்தப் பக்கம் நிலம் அளக்க வந்தபோதே மாரிக்குப்பம், உரிகம் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் மண்ணை அலசித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரே எழுதி வைத்திருக்கிறார். ‘ஆங்கிலேயர் கண்டுபிடித்த தங்கவயல்’ என்று அடுத்த முறை எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தேடுவது என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வயதானவர்களிடம் போய் “உங்க அனுபவத்தைச் சொல்லுங்க” என்று மைக்கை நீட்டினால், பேப்பரில் படித்ததைத்தான் திருப்பிச் சொல்வார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. எந்த லைன், எந்த ஷாஃப்ட், எந்த ஷிப்ட், ரேஷன் எந்தக் கடையில் என்று கேட்பேன். அயனாவரத்தில் ஒரு பெரியவர், எண்பத்தைந்து வயது, முதல் அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லை. “ஐயா, கிஃபோர்ட் ஷாஃப்ட்ல கேஜ் இறங்கும்போது காது அடைக்குமா?” என்று கேட்டேன். அவ்வளவுதான். எழுந்து நின்றுகொண்டார். கேஜில், அதாவது ஆளைக் கீழே இறக்குகிற கூண்டில், எத்தனை பேர், யார் முன்னால் நிற்பார், இறங்குகிற வேகத்தில் எச்சில் விழுங்கிக் காதைத் திறந்துகொள்வது எப்படி, கீழே போகப் போகப் பாறையின் சூடு எப்படி ஏறும், எல்லாம் கைகளால் காட்டினார். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறை 60 டிகிரிக்கு மேல் சுடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவர் சொன்னது வேறு. “வெறும் முதுகை சுவர்ல சாய்ச்சிட்டா தோசைக்கல்லுமா” என்றார். நான் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஏர் பிளாஸ்ட் பற்றியும் அவர்தான் விளக்கினார். பாறையை வெட்டி எடுக்க எடுக்க, மேலே இருக்கிற பாரமெல்லாம் மிச்சமிருக்கும் தூண்மேல் இறங்கும். தாங்காத நேரத்தில் வெடித்துச் சிதறும். வெடிமருந்து எதுவும் வேண்டாம். மேலே லைனில் பாத்திரம் உருளும், சுவர் விரிசல் விடும். அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். எனக்கே ஞாபகம் இருக்கிறது. அம்மா ஈரக் கையோடு ஓடுவாள், நான் பின்னால் ஓடுவேன், யாரும் அழ மாட்டார்கள். கேஜ் மேலே வரும்வரை பேச்சே இருக்காது.

உங்கள் கட்டுரையாளர் விசாரிக்காத இன்னொரு இடம், புறப்பட்ட ஊர். குடியாத்தத்திலிருந்து உள்ளே போகிற எங்கள் கிராமத்துக்கு நான் போனபோது ‘கோலாருக்குப் போனவங்க வீடு’ என்று இன்றைக்கும் ஒரு சந்துக்குப் பெயர் சொல்கிறார்கள். வீடு இல்லை, சுவரடிதான் இருக்கிறது. மாரியம்மன் கோயில் மணியில் எழுத்து இருப்பதைக் கண்டு, கொஞ்சம் புளி வாங்கித் தேய்த்தேன். பூசாரிக்குக் கோபம். மெல்ல மெல்லத் தெரிந்தது: ‘சாம்பிரான் ரீப் லைன் ஆட்கள் உபயம், 1938.’ அதன் கீழே பதினோரு பெயர், முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. கம்பெனிக்கு லேபராகப் போனவர்கள் ஊருக்கு மணி வாங்கிக் கொடுக்கும்போது தங்கள் பெயரைப் பித்தளையில் வெட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். கூலி வாங்குகிற காகிதத்தில் முன்னோசாமி ஆனவர் அதில் சுத்தமாக முனுசாமியாக இருந்தார். நான் அந்த மணியைத் தொட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த ‘சாம்பிரான்’ என்பது சாம்பியன்தான். வெள்ளைக்காரன் எங்கள் பெயரைக் கெடுத்தான், நாங்கள் அவன் சுரங்கத்தின் பெயரைக் கெடுத்தோம், கணக்கு நேர்.

அந்த அட்டை கிழிந்த சின்னப் புத்தகம். அது தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது, தாழ்த்தப்பட்டவர்களிடையே தமிழ்ப் பௌத்தம் வளர்த்த அயோத்திதாசப் பண்டிதர் எழுதியது. சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஓர் உறவு இது. 1907-ல் இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று வாரப் பத்திரிகை தொடங்கினார். பிறகு அது ‘தமிழன்’ ஆயிற்று. அதைத் தாங்கிப் பிடித்ததில் தங்கவயல் தொழிலாளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கிய பௌத்த சங்கம் வைத்து நடத்தினார்கள். 1914-ல் பண்டிதர் காலமான பிறகு, அவருடைய எழுத்துகளைப் புத்தகமாகப் போட்டுக் காப்பாற்றியதும், ‘தமிழன்’ பத்திரிகையைப் பிற்பாடு மறுபடி நடத்தியதும் அந்தச் சுரங்க ஊர்தான். பழைய ‘தமிழன்’ எழுத்துகள் இன்று தொகுதிகளாகக் கிடைக்கின்றன. அதில் மாரிக்குப்பம் செய்திகளைத் தேடிப் பாருங்கள், யார் கூட்டத்துக்குத் தலைமை வகித்தார், யார் நன்கொடை கொடுத்தார் என்று பெயர் பெயராக வரும். பெயர் தெரியாத கூலிகளாம்!

தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அப்படியானால் அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுக்கு எதற்கு? பாட்டியிடம் சின்ன வயதில் இதைக் கேட்டிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு, படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாராம், மற்றவர்கள் சுற்றிலும் உட்கார்ந்து கேட்பார்களாம். புத்தகத்தை வாங்க மட்டும் எல்லோரும் காசு போடுவார்களாம். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் இருக்குமாம். எங்கள் முறையில் அது திரும்பிப் போகவில்லை போலிருக்கிறது.

கையெழுத்து தெரியாதவர் என்று சொன்னேனே, அவரும் அவரோடு இருந்தவர்களும் 1930-ல் விரல் ரேகை கொடுக்க மாட்டோம் என்று வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி எல்லோருடைய ரேகையையும் எடுத்துப் பதிவு வைக்கப் பார்த்தது. குற்றவாளிக்கு எடுக்கிற மாதிரி எங்களுக்கு எடுப்பதா என்று கேட்டார்கள். வட்டிக்கடைக்காரரிடம் பெருவிரலை உருட்டி வைத்தவர்தான் தாத்தா, அது அவர் கடன். கம்பெனிக்கு வைக்க மாட்டேன் என்றார், அது மானம். 1946-ல் நடந்தது இன்னும் பெரிய வேலைநிறுத்தம். அந்த வருடம் நவம்பர் 4-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். ஆண்டர்சன்பேட்டையில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, ஆறு பெயரோடு. உங்கள் படம் எடுத்தவர் ஆட்டை எடுத்த நேரத்தில் அங்கேயும் ஒரு நடை போயிருக்கலாம்.

அப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு முடியவில்லை. கல் தூசி நெஞ்சில் சேர்ந்து, ஓய்வு பெற்ற ஆறாவது வருடம் போய்விட்டார். அவருடைய சர்வீஸ் பதிவு கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். நம்பர் கொண்டு வாருங்கள் என்றார்கள். நம்பர் கொண்டுபோனேன். அந்த வருடத்துக் கட்டு கரையான் தின்றுவிட்டது என்றார்கள். எந்த வருடம் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடியது, அதற்கப்புறம் அந்தக் காகிதங்களுக்குக் காவலாக யாரும் இல்லை என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் கரையானுக்கு இவ்வளவு சுறுசுறுப்பா!

அதனால்தான் வீட்டுக் காகிதத்தின் மேல் எனக்கு இத்தனை பிடிவாதம். சென்னையில் பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி, ஆவடி என்று தங்கவயல் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. எங்கள் தெருவிலேயே மூன்று வீடு. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பரண்மேல் இருப்பதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று உங்கள் பத்திரிகை ஒரு வார்த்தை எழுதினால் நல்லது. கூலிச் சீட்டு, லைன் வீட்டு ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு. மொய் நோட்டுதான் என் கணக்கில் பெரிய புதையல். ஒரு லைனில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு யார் உறவு, யார் எட்டணா, யார் ஒரு ரூபாய், அத்தனையும் தமிழில், தப்பில்லாமல் இருக்கும். போட்டோ இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே பென்சிலால் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், முன்பக்கம் அமுங்கித் தெரியும்.

தங்கவயலுக்கு மட்டும் சொல்லவில்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்காக எழுந்துபோன கிராமத்து ஜனங்களுக்கும் இதே நிலைதான். ஊரே இல்லாமல் போனவர்களுக்கு மணியும் கிடையாது, சுவரடியும் கிடையாது. அவர்கள் பக்கத்து ஆட்கள் யாராவது எழுதினால் நான் ஆசையாகப் படிப்பேன்.

சரி, டோக்கன்.

பித்தளை, எட்டணாக் காசைவிடக் கொஞ்சம் பெரியது, மேலே கயிறு கோர்க்க ஒரு துளை. ஒரு பக்கம் சி.ஆர். என்று ஆங்கிலத்தில், அதன் கீழே 2836. மறுபக்கம் ஒன்றும் இல்லை, தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. கீழே இறங்கும்போது ஆபீசில் டோக்கனைக் கொடுத்துவிட்டு, ஏறி வந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். ஷிப்ட் முடிந்தும் பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். தாத்தாவின் நம்பர் 1719 என்று மேலே சொன்னேன். அப்பாவின் நம்பரும் இது இல்லை. சிறுமியாக இருக்கும்போது அதை வைத்துப் பாண்டி விளையாடப் போனேன். பாட்டி கையிலிருந்து பிடுங்கி, “அது வேற ஆளோடது, வை” என்று பெட்டியில் போட்டாள். யார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. 1979-ல் அவள் போய்விட்டாள்.

என் சர்வீஸில் விலாசம் கிடைக்காத கடிதத்தை நான் குப்பையில் போட்டது இல்லை. போட விதியும் இல்லை. அனுப்பியவருக்காவது திருப்பிச் சேர்க்க வேண்டும். இதற்கு அனுப்பியவரும் தெரியவில்லை, பெறுநரும் தெரியவில்லை. ஆகவே உங்கள் பத்திரிகையில் இந்த ஒரு வரியை மட்டுமாவது போடும்படி கேட்டுக்கொள்கிறேன்: சாம்பியன் ரீஃப், நம்பர் 2836. தாத்தா, கொள்ளுத்தாத்தா காகிதத்தில் இந்த எண்ணைப் பார்த்தவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு கார்டு எழுதட்டும். நானே நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்)
பெரம்பூர், சென்னை – 11